கண்டிச் சீமை முதல் கச்சல் தீவு வரை: புறப்பாட்டை முடிவு செய்தவர்கள்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. ஒரு சேரிக் குடும்பம், பிள்ளை குட்டிகளோடு கடல் தாண்டி ஒரு தீவுக்குக் குடிபோவது என்று எப்படி முடிவு செய்தது? முடிவு செய்தது யார்?

இதற்கு இரண்டு பதில்கள் நமக்குப் பழக்கமாகிவிட்டன. ஒன்று தேசியவாதிகளின் பதில்: ஏதும் அறியாத ஏழைகளை ஆள்பிடிகாரர்கள் ஏமாற்றிக் கப்பலேற்றினார்கள். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடக்கும் என்று சொல்லி அழைத்துப் போன கதை இந்தப் பக்கத்துக் கிழவிகள் எல்லோருக்கும் தெரியும். மற்றது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் பதில்: ஊரில் அடிமையாகக் கிடந்தவர்களுக்கு நாங்கள் கூலி கொடுத்து விடுதலை கொடுத்தோம். இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் நம் பாட்டன் பூட்டிக்கு மூளை கிடையாது. ஒன்றில் ஏமாறுகிறார்கள், மற்றதில் காப்பாற்றப்படுகிறார்கள். அவர்கள் கணக்குப் போட்டார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை.

அவர்கள் போட்ட கணக்கைப் பார்ப்போம்.

தென்காசி, குற்றாலம், இலஞ்சி வட்டாரம் சிற்றாற்றுப் பாசனத்தால் பசுமையானது. அருவித் தண்ணீர் பாய்ந்த அந்த நன்செய்யில் நடவு நட்டவர்கள் நம்மவர்கள். பட்டா கோயில் பெயரிலும் பிராமணர், வேளாளர் பெயரிலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனியார் குற்றாலத்தில் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். வெயில் காலத்தில் துரைமார் அங்கே பங்களாக்களில் தங்கினார்கள். குற்றாலத்தைப் பற்றி எழுதியவர்கள் சாரலையும் குரங்கையும் பலாப்பழத்தையும் எழுதிச் சலிக்கவில்லை. அருவித் தண்ணீர் எந்த வயலுக்குப் போனது, அந்த வயலில் நின்றவர்களுக்கு என்ன கூலி என்று எழுதியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்ற அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பண்ணையாளைத் திருப்பிக் கொடு என்று பண்ணையார் வழக்குப் போட முடியாது. ஆனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் அப்படியே இருந்தது. குடியிருந்த மனைக்கட்டும் பண்ணையாருடையதாகவே இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்கலாம். கூலி தானியமாக அளக்கப்பட்டது. அளக்கும் மரக்காலும் அவர்களுடையது. 1876-78இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். முதலில் செத்தவர்கள் கையில் நிலமோ சேமித்த தானியமோ இல்லாதவர்கள்.

இந்த நிலையில் கண்டிச் சீமைக்குப் போவது என்பது ஒரு வழி. ஆனால் எல்லாக் காலத்திலும் அது ஒரே மாதிரி வழியாக இருக்கவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

காப்பித் தோட்டக் காலத்தில் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காப்பிப் பழம் பறிக்கச் சில மாதங்கள்தான் ஆள் வேண்டும். கால்நடையாக இராமநாதபுரம் கடற்கரைக்குப் போய், தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே அனுராதபுரம், தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடப்பார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் பருவம் முடிந்ததும் திரும்பி வருவார்கள். அது ஒருவர் உயிரைப் பணயம் வைக்கும் முடிவு. வீடு ஊரில்தான் இருந்தது.

1869இல் இலங்கையில் காப்பி இலைகளைத் துரு நோய் பிடித்தது. பத்திருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும் என்று துரைமார் முடிவு கட்டினார்கள். அப்போதுதான் 'ஆம்பிளை போவதா' என்ற கேள்வி 'குடும்பமே போவதா' என்று மாறியது. தென்காசி வட்டாரத்திலிருந்து தூத்துக்குடி போய், தட்டப்பாறை முகாமில் தங்கி, கொழும்புக்குக் கப்பலேறியவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு மண்டபம் முகாம் வழி வந்தது.

மொரீசியஸோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மொரீசியஸ் நம் தென்காசி மாவட்டத்தைவிடச் சிறிய தீவு. 1834 முதல் 1910 வரை நாலரை லட்சம் பேர் அளவில் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அது ஒப்பந்தக் கூலி முறை: தனி ஆள், கைநாட்டு, குறிப்பிட்ட ஆண்டுகள். இலங்கையில் ஒப்பந்தம் கிடையாது, கங்காணிதான். அவன் பக்கத்து ஊர்க்காரன், முன்பணம் கொடுப்பவன், உறவுமுறை சொல்லி அழைப்பவன். மாமனும் மச்சானும் சேர்ந்து போகலாம் என்பதால் குடும்பத்தைக் கூட்டிப்போகும் தைரியம் வந்தது. அதே காரணத்தால் தப்பிக்க இடமில்லாமலும் போனது.

ஏனென்றால் கடனும் கூடவே வந்தது. வழிச் செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. குடும்பமே கடனின் பெயரால் கைமாறியது. 1921இல்தான் இந்த முறை சட்டப்படி ஒழிந்தது. பெரிய கங்காணிகளில் பலர் ஊரில் நம்மைச் சேரியில் வைத்த சாதிகளைச் சேர்ந்தவர்கள். லயங்களிலும் 'குடியானவர்' ஒரு பக்கம், பள்ளர், பறையர், சக்கிலியர் இன்னொரு பக்கம் என்றே குடியேற்றம் நடந்தது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற சாஸ்திரம் பிராமணருக்கு மட்டும்தான் பொருந்தியது போலும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் போனார்கள்? தெரிந்தேதான் போனார்கள். திரும்பி வந்தவர்கள் ஊரில் இருந்தார்கள், செய்தி சொன்னார்கள். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் குறைந்தபட்ச நாள்கூலி வந்தபோது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண்ணுக்குக் குறைத்தது அநியாயம். ஆனால் இந்த வரிசையில் ஒன்று விடுபட்டிருப்பதைப் பாருங்கள்: சாதி. குடியானவருக்கு ஒரு கூலி, பள்ளருக்கு ஒரு கூலி என்று இல்லை. நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பேரின் கூலி காசாக வரும். மரக்கால் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிரா மட்டமானதுதான். ஆனால் அதைப் பிரித்துப் போடப் பண்ணையார் வரமாட்டார். இதை ஒரு குடும்பம் எடைபோட்டுப் பார்த்திருக்கிறது என்பதே என் வாதம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறிய கப்பல் இல்லை அது.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இங்கே நினைவுக்கு வரும். நம் நெல்லைச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டம் போன மருதியின் கதை, 1930களில் எழுதப்பட்டது. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து அதை நீக்கியபோது நம் தரப்பிலேயே இரண்டு கருத்துகள் இருந்தன. அந்த விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: தோட்டத்தின் பாலியல் கொடுமையை அவ்வளவு நேராக எழுதிய அந்தக் கதையிலும் மருதி துன்பத்தை வாங்கும் பாத்திரம். கணக்குப் போடும் மருதியை எழுதும் வேலை நம்மிடம் பாக்கி இருக்கிறது.

அடுத்த முடிவுக்கு வருவோம். அதில் குடும்பத்தைக் கேட்கவே இல்லை.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாடு பிரித்தாலும் எந்த மாடு என்று கேட்பார்கள். விண்ணப்பம் கேட்டபோது மக்கள் தங்கள் பதிலைச் சொன்னார்கள்: இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் அந்த மூன்று லட்சத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கைக்கு ஆள் சேரவில்லை. பிறகு 1973-74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு, 1977இல் கலவரம். பலர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள்.

இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். தாத்தா போன அதே முகாம். அங்கிருந்து தொழில் கடன், நூற்பாலை, நீலகிரித் தேயிலை, ரப்பர் தோட்டம் என்று மறுவாழ்வுத் திட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். நமக்கு மிக அருகில், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால், புனலூரை மையமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்டக் கழகம் இருக்கிறது. குளத்துப்புழை ரப்பர்க் காட்டில் பால் வெட்டியவர்கள் இவர்கள். இன்னும் சில குடும்பங்களுக்குக் கிடைத்தது கச்சல் தீவு.

கச்சல், நிக்கோபார்த் தீவுகளில் ஒன்று. பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர்; தென்காசி மாவட்டத்தின் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. போர்ட் பிளேரிலிருந்தே 400 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அரசு ரப்பர் தோட்டம் போட்டது. பால் வெட்டத் தாயகம் திரும்பியோர் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு தீவிலிருந்து 'தாயகம்' என்று அழைத்து வந்து இன்னொரு தீவில் இறக்கினார்கள்.

இதில் நாம் நேர்மையாகப் பேச வேண்டிய சங்கடம் ஒன்று உண்டு. நிக்கோபார் பழங்குடியினரின் மண். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, வெளியார் அங்கே நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் சரியானது, அது இருக்க வேண்டும். ஆனால் அதன் விளைவு என்ன? ஊரில் நிலமில்லை, கண்டியில் நிலமில்லை, கச்சலிலும் சட்டப்படியே நிலம் கிடைக்காது. நிலமற்றவரைக் குடியேற்ற, நிலம் சொந்தமாக்க முடியாத தீவைத் தேர்ந்தெடுத்தது அரசு. அந்தச் செலவைப் பழங்குடி மக்களின் காடும் இந்தக் குடும்பங்களின் எதிர்காலமும் பாதிப் பாதியாகக் கட்டின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கச்சலை அடித்தபோது ஆயிரக்கணக்கானோர் இறந்தும் காணாமலும் போனார்கள்.

தொலைவில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். இதே மலைத் தொடரில், சிங்கம்பட்டி ஜமீன் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலைக்கும் குடும்பம் குடும்பமாகத்தான் போனார்கள். அவர்களின் கூலிப் போராட்டத்துக்காக ஊர்வலம் போன 17 பேர் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் பிணமானார்கள். 2024இல் அந்தத் தொழிலாளர்களிடம் நீட்டப்பட்ட தாளின் பெயர் 'விருப்ப ஓய்வு'. ஊரை விட்டு நகராமலே வெளியேறும் வழியையும் இந்த மண் கண்டிருக்கிறது: தென்காசிக்குப் பக்கத்தில், மீனாட்சிபுரத்தில், 1981 பிப்ரவரியில் இஸ்லாம் தழுவியவர்களையும் நாடே ஏமாந்தவர்கள், விலைபோனவர்கள் என்றுதான் பேசியது. அவர்களும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்தவர்களே.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளை கொடுத்த குடும்ப அட்டைகள் தென்காசியிலும் புனலூரிலும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இன்னும் இருக்கும். கரையான் தின்னுமுன் படமெடுத்து வையுங்கள். எந்தத் திட்டம் ஒதுக்கப்பட்டது, அட்டையில் யார் யார் பெயர், யார் பெயர் விடுபட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள்: புறப்படலாம் என்று முதலில் சொன்னது யார், வேண்டாம் என்று சொன்னது யார், அன்றைக்கு உங்களிடம் கேட்டார்களா என்று.