காற்று வகுத்த வழி

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாத இறுதியில், ஸ்பெயின் நாட்டிற்குரிய கேனரித் தீவுகளின் லாஸ் பல்மாஸ் துறைமுகத்திலிருந்து பாய்மரப் படகுகள் பெருந்திரளாகப் புறப்படுகின்றன. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, ஏறத்தாழ 2,700 கடல் மைல் தொலைவிலுள்ள கரீபியத் தீவாகிய செயின்ட் லூசியாவை அவை சென்றடைகின்றன. ஜிம்மி கார்னெல் என்பவர் 1986இல் தொடங்கிய கூட்டுப் பயணம் இது. முதல் ஆண்டிலேயே 200க்கும் மேற்பட்ட படகுகள் கலந்துகொண்டன. அப்போது சேருமிடம் பார்படோஸ். 1990 முதல் செயின்ட் லூசியா.

வரைபடத்தை விரித்து இரு துறைமுகங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைப்பது நமக்கு எளிது. ஆனால் அனுபவமுள்ள மாலுமிகளுள் பலர் முதலில் தென்மேற்காக, வெர்டே முனைத் தீவுகளை நோக்கிச் செல்கின்றனர். அதன் பிறகே மேற்கே திரும்புகின்றனர். வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழி. அசோர்ஸ் தீவுகளை ஒட்டி நிலைகொள்ளும் உயர் அழுத்த மண்டலத்தைக் காற்று வலஞ்சுழியாகச் சுற்றி வருகிறது. அதன் நடுவே அகப்பட்ட படகு காற்றின்றி நின்றுவிடும். அதன் தென்புறத்திலோ வடகிழக்கு வியாபாரக் காற்று சீராக வீசும். புறப்படும் நாளும் எண்ணிப் பார்த்துக் குறிக்கப்பட்டதே. அட்லாண்டிக்கின் சூறாவளிக் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை நீடிப்பதால், அது ஓயும் தறுவாயில் படகுகள் கரையை விட்டு நீங்குகின்றன.

இந்த அறிவு ஒரே நாளில் கிடைத்ததன்று. 1492 செப்டம்பர் 6ஆம் நாள் கொலம்பஸ் கோமேராத் தீவிலிருந்து புறப்பட்டார். காற்று இல்லாமையால் தொடக்க நாள்களிலேயே அவருடைய கப்பல்கள் தீவுகளினிடையே தயங்கி நின்றன. பிறகு எழுந்த காற்றோ இடைவிடாது மேற்கு நோக்கியே தள்ளியது. வீடு திரும்பக் காற்றே கிடைக்காதோ என மாலுமிகள் கலங்கினர். செப்டம்பர் 22ஆம் நாள் எதிர்க்காற்று வீசியபோது, அது தமக்கு மிகவும் தேவைப்பட்டது என்று கொலம்பஸ் குறித்தார். அக்டோபர் 12ஆம் நாள் கரை கண்டார்.

திரும்பும்போது வந்த வழியே செல்லாமல், வடக்கே ஏறி மேலைக் காற்றைப் பிடித்தார். 1493 பிப்ரவரியில் கடும் புயல் தாக்கியது. முதலில் தென்படும் நிலத்தில் அன்னை மரியாவின் ஆலயத்திற்குப் பவனியாகச் செல்வதாக மாலுமிகள் நேர்ந்துகொண்டனர். அசோர்ஸின் சாந்தா மரியா தீவில் அதை நிறைவேற்றச் சென்ற பாதிப் பேரைப் போர்ச்சுகீசியர் சிறைப்பிடித்துப் பின்னர் விடுவித்தனர். அதே ஆண்டு இரண்டாம் பயணத்தில் 17 கப்பல்களுடன் இன்னும் தெற்கே இறங்கிச் சென்றார் கொலம்பஸ். கேனரித் தீவுகளை விட்டு 21 நாள்களில் டொமினிக்காத் தீவு கண்ணில் பட்டது. இன்றைய படகுகளுள் பலவும் ஏறக்குறைய மூன்று வாரங்களே எடுத்துக்கொள்கின்றன.

பின்வந்த நூற்றாண்டுகளில் எத்தனையோ கப்பல் தலைவர்கள் நாள்தோறும் காற்றையும் நீரோட்டத்தையும் தம் குறிப்பேடுகளில் பதிந்தனர். 1842இல் அமெரிக்கக் கடற்படையின் வரைபடக் கிடங்குக்குப் பொறுப்பேற்ற மேத்யூ மோரி, அங்கே கிடந்த பழைய குறிப்பேடுகளைத் தொகுத்து 1847 முதல் காற்று வரைபடங்களை வெளியிட்டார். தம் குறிப்புகளைத் தரும் கப்பல் தலைவர்களுக்கு வரைபடம் இலவசம் என்றார். 1853இல் பிரசெல்ஸில் கூடிய 10 நாடுகளின் பிரதிநிதிகள், கடலில் வானிலையை ஒரே முறையில் பதிவுசெய்ய இசைந்தனர். பெயர் தெரியாத பலரின் கைகள் சேர்ந்து எழுதிய ஏடு அது.

ஆயினும் இவ்வழியின் மறுபக்கத்தை நாம் மறந்துவிடலாகாது. ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டு அட்லாண்டிக்கின் குறுக்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் லட்சக்கணக்கானோரைக் கரீபியத் தீவுகளுக்குத் தள்ளிச் சென்றது இதே வியாபாரக் காற்றுதான். இன்று படகுகளை வரவேற்கும் செயின்ட் லூசியா மக்களில் பெரும்பாலோர் அவர்களின் வழித்தோன்றல்கள். கடலின் அறிவை எல்லாருக்கும் பொதுவாக்கிய மோரியே, 1861இல் அடிமைமுறையைக் காக்க முனைந்த தென்மாநிலங்களின் பக்கம் சேர்ந்தார். காற்றைப் படிக்கத் தெரிந்தவர் மனிதனை மதிக்கத் தெரிந்தவராக இருப்பார் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

இன்று செயற்கைக்கோள்கள் நடுக்கடலிலும் வானிலையை அறிவிக்கின்றன. எனினும் முன்னறிவிப்பை ஒருசில நாள்களுக்கே நம்பலாம். பயணமோ மூன்று வாரம். ஆகவே பழைய வரைபடத்தையும் அன்றாட அறிவிப்பையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு காலையும் மாலுமி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சுற்றிச் செல்வதற்கும் காத்திருப்பதற்கும் நாணாதவரே கரை சேருகின்றனர். வழியை நமக்கு முன்னோர் தந்துவிட்டனர். அவ்வழியே எதைச் சுமந்து செல்கிறோம் என்பதற்கு நாமே பொறுப்பாளிகள்.