ஒப்பம் இடும் முன்

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. எல்லை மாறிற்று, நோயாளிகள் செல்லும் வழி மாறவில்லை. வாயில் ஆறாத புண் கண்டு, அது புற்றுநோயோ என்ற ஐயம் எழுந்தால், நம் மாவட்டத்தார் பலர் இன்றும் திருவனந்தபுரத்திற்கே செல்கின்றனர். அங்கே 1981-இல் தொடங்கப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம் எளியோர் பலருக்கு ஊன்றுகோலாக விளங்குகிறது. ஆகவே, அங்கு எழுந்த ஒரு வினா நமக்கும் உரியதே.

1999-2000-இல் அம்மையத்தில் வாய்ப் புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோர்க்கு ஒரு புதிய வேதிப்பொருள் ஊசிவழிச் செலுத்தப்பட்டது. அமெரிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரோடு இணைந்து நடந்த ஆய்வு அது. தாங்கள் ஆய்வுக்கு உள்ளாவதை நோயாளிகள் அறிந்திருக்கவில்லை என்ற குற்றச்சாட்டு 2001-இல் எழுந்தது. மையத்தார் அதனை மறுத்தனர். எனினும், தன் ஆய்வாளர் உரிய நெறிக்குழுவின் ஒப்புதல் பெறவில்லை என அப்பல்கலைக்கழகமே அவ்வாண்டு அறிவித்து, மனிதர்மீதான ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்க அவருக்குத் தடை விதித்தது.

ஆய்வே தீது என்பதன்று நம் கருத்து. நம் கல்லறைத் தோட்டங்களில் தானே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோயுற்ற எத்தனையோ குழந்தைகளைப் பிற மருந்துகளோடு சேர்ந்து அது காத்துள்ளது. யாரோ சிலர் முதலில் தம் உடலில் ஏற்றுக்கொண்டதாலன்றோ அது மருந்தாயிற்று? அவர்கள் அறிந்து கொடுத்தால் அது கொடை. அறியாமல் பெறப்பட்டால் அது பறிப்பு.

1947-இல் நூரம்பர்க் நெறிமுறை தன்னார்வ ஒப்புதலை முதல் விதியாக வகுத்தது. 1952-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், நோயாளி தரும் உரிமைக்கு மேற்பட்ட உரிமை எதுவும் மருத்துவருக்கு இல்லை என்று கற்பித்தார். நம் நாட்டில் 2009 முதல் மருந்தாய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதிதல் கட்டாயமாயிற்று. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, அரசின் அனுமதியும் நெறிக்குழுவின் ஒப்புதலும் முன்னரே பெறவேண்டும். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு வழங்கவேண்டும்.

சட்டம் மருத்துவமனை வாயில்வரை வந்துவிட்டது. ஆனால், நம் இல்லங்களில் நிலை என்ன? "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று நோயின் பெயரையே மறைத்து, மூத்த மகன் ஒப்பமிடுவதை அன்பு என்று கருதுகிறோம். தன் நோயையே அறியாதவர் ஆய்வுக்கு எவ்வாறு இசைவு தருவார்? இனித் தாளை நீட்டும்போது நோயாளியே கேட்கட்டும்: இது சிகிச்சையா, ஆய்வா? வேண்டாம் என்றால் வழக்கமான சிகிச்சை தொடருமா? விடை தெளிவாகும்வரை எழுதுகோல் காத்திருக்கலாம்.