ரோச்டேல் பண்டகசாலையும் சமத்துவத்தின் எல்லையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் 1845-ஆம் ஆண்டை எளிதில் நினைவிற்கொள்வர். ஜான் ஹென்றி நியூமன் ரோமச் சபையில் சேர்ந்த ஆண்டு அது. அதற்கு ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு முன், 1844 டிசம்பர் 21, சனிக்கிழமை மாலை, லங்காஷயரிலுள்ள ரோச்டேல் நகரில் டோட் லேன் என்னும் தெருவில் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே அதன் சரக்கு. முதல் நிகழ்ச்சிக்கு நம் பாடநூல்கள் பல பக்கங்களை ஒதுக்குகின்றன; இரண்டாவதற்கு ஓர் அடிக்குறிப்பேனும் கிடைப்பது அரிது. எளியோரின் அன்றாட வாழ்வை நோக்குமிடத்து, இரண்டாவதன் விளைவே பெரிது என்பது என் கருத்து.

ரோச்டேல், ஃபிளானல் என்னும் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். விசைத்தறியின்முன் கைத்தறி தோற்றுக்கொண்டிருந்தது. கூலி உயர்வுக்காக நெசவாளர் செய்த முயற்சியும் தோல்வியுற்றிருந்தது. கடைக்காரரிடம் கடன்பட்டவர் அவர் கொடுத்ததைக் கொடுத்த விலைக்கு வாங்கவேண்டியவராயினர். மாவில் படிகாரம் கலப்பது அக்காலத்தில் சர்வசாதாரணம். நீதிமொழிகளின் ஆசிரியர் கண்டித்த கள்ளத்தராசு லங்காஷயர்க் கடைகளிலும் தொங்கிற்று. இந்நிலையில், வாரந்தோறும் இரண்டு மூன்று பென்னியாகச் சேர்த்து 28 பவுன் மூலதனம் திரட்டிய தொழிலாளரே ‘ரோச்டேல் நேர்மை முன்னோடிகள் சங்கம்’ என்று தமிழில் சொல்லத்தக்க அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் அனைவரும் பசியால் வாடிய நெசவாளர் என்பது பிற்காலத்தார் விரும்பிச் சொன்ன கதை. நெசவாளரோடு வேறு தொழில் செய்தவர்களும் அவர்களிடையே இருந்தனர்.

அவர்களுடைய சமய நிலை நாம் கவனிக்கத்தக்கது. ராபர்ட் ஓவனின் கருத்துகளைப் பின்பற்றியோர் சிலர். சார்ட்டிஸ்டு இயக்கத்தார் சிலர். குளோவர் தெரு ஆலயத்தைச் சேர்ந்தோர் சிலர். இவ்வாலயத்தார் யூனிட்டேரியன் மெதடிஸ்தர் ஆவர். 1806-இல் வெஸ்லிய மெதடிஸ்தரால் விலக்கப்பட்ட ஜோசப் குக் என்னும் போதகரைப் பின்பற்றியவர்களிலிருந்து தோன்றியது அவர்களது குழு. ஆகவே, திருச்சபை தள்ளிவிட்டவர்களும் திருச்சபையைத் தள்ளிவிட்டவர்களுமே பெரும்பாலும் அக்கடையில் ஒருங்கே நின்றனர் எனலாம். அதன் வரலாற்றை முதலில் எழுதிப் புகழ்பரப்பிய ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக்கோ 1842-இல் தேவதூஷணக் குற்றத்திற்காகச் சிறைசென்றவர்!

கடையை நிலைநிறுத்தியவை அதன் விதிகள். இதே ஊரில் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் தோன்றிய கூட்டுறவுக் கடையொன்று கடனுக்கு விற்றே அழிந்துபோயிற்று. ஆதலால் ரொக்கத்திற்கு மட்டுமே விற்பனை என வகுத்தனர். எத்தனை பங்குகள் வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரே வாக்கு. மூலதனத்திற்கு வரம்புக்குட்பட்ட வட்டி மட்டும். மிகுந்த ஆதாயம், அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்ப அங்கத்தினர்க்கே திரும்பியது. (1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி முதலியோர் தொடங்கிய சங்கத்திற்கும் இம்மரபே வழிகாட்டிற்று.) பின்னர் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை கல்விக்கென ஒதுக்கப்பட்டது, கடையின் மேல்மாடியில் நூல்நிலையமும் செய்தித்தாள் வாசிப்பறையும் அமைந்தன. மணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவனைச் சார்ந்திருந்த அந்நாட்களில், பெண்கள் தம் பெயரிலேயே அங்கத்தினராயினர். மனைவியின் கையொப்பமின்றி அவள் சேமிப்பைக் கணவன் எடுக்க இயலவில்லை. பாராளுமன்றம் இவ்வுரிமையைச் சட்டமாக்க 1870-ஆம், 1882-ஆம் ஆண்டுகள்வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் ரொக்க விதிக்கு ஒரு விலையும் இருந்தது. கையில் காசில்லாத பரம ஏழை அக்கடையின் வாசலைத் தாண்ட இயலவில்லை. இதனைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் சொல்லாமல் விடுகின்றனர்.

1849-இல் ரோச்டேல் சேமிப்பு வங்கி முறிந்தது. தம் பணத்தை எங்கே வைப்பதென்று அறியாத மக்கள் கடையை நாடினர். 1848-இல் 140-ஆக இருந்த அங்கத்தினர் தொகை அடுத்த ஆண்டில் 390 ஆயிற்று. புதிதாய் வந்தோரில் பக்தியுள்ளவர்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பறையை மூடவேண்டும், சமய விவாதங்களைத் தடைசெய்யவேண்டும் என்று 1850-இல் வற்புறுத்தினர். பழைய அங்கத்தினர் இணங்கவில்லை. தக்க வேளையில் தக்க முறையில் எவரும் எப்பொருளைப் பற்றியும் தம் கருத்தைச் சொல்லலாம் எனத் தீர்மானித்தனர். ஓய்வுநாளைக் காக்க விரும்பியோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவேண்டுவதில்லை. எனினும் ஆறு நாளும் உழைத்த ஆலைத் தொழிலாளிக்கு வாசிக்கக் கிடைத்த ஒரே பகற்பொழுதை அவர்கள் எடுத்துக்கொள்ளவிருந்தனர் என்பதையும் மறைத்தலாகாது.

அதே வேளையில் லண்டனில் எஃப். டி. மாரிஸ், ஜே. எம். லட்லோ, வான்சிட்டார்ட் நீல் முதலிய கிறிஸ்தவ சோஷலிஸ்டுகள் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தேடினர். 1852-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் அவர்கள் முயற்சியின் பயன். ஆனால் நுகர்வோர் கடையைவிட உழைப்போரின் தொழிற்கூட்டுறவிலேயே அவர்கள் நெஞ்சம் ஊன்றியிருந்தது. ஆதாயம் யாருக்கு உரியது, வாங்குவோருக்கா, உற்பத்தி செய்வோருக்கா என்னும் வினா இங்கே எழுகிறது.

அதற்கு ரோச்டேலே விடை கூற நேர்ந்தது. 1854-இல் முன்னோடிகள் ஒரு பஞ்சாலைச் சங்கத்தை நிறுவி, ஆதாயத்தில் மூலதனத்தோடு உழைப்புக்கும் பங்குண்டு என விதித்தனர். ஆலை செழித்தது; ஆலையில் வேலை செய்யாத பங்குதாரர் பெருகினர். உழைப்பாளரின் பங்கை நீக்கும் முதல் முயற்சி தோற்றது, 1862-இல் வெற்றிபெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராது லங்காஷயர் பட்டினி கிடந்த காலம் அது. பங்கை நீக்க வாக்களித்தோர் முதலாளிகள் அல்லர். பெரும்பாலும் சிறு சேமிப்புடைய எளியவர்களே. பணத்திற்கு வாக்குரிமை மிகாதபடி கடையில் காத்தவர்களின் ஊரிலேயே, நூற்போர் வெறுங்கூலியாட்களாயினர்.

1995-இல் மான்செஸ்டரில் கூடிய அகில உலகக் கூட்டுறவு ஒன்றியம், சமுதாயத்தின் நிலைத்த வளர்ச்சியில் அக்கறை என்பதைத் தன் ஏழாம் கொள்கையாகச் சேர்த்தது. அச்சமுதாயத்தில் கூலிக்கு உழைப்பவரும் அடங்குவர் என்பதே நீலின் வாதம். 1873 முதல் 1891 வரை கூட்டுறவு ஒன்றியத்தின் பொதுச் செயலாளராய் ஊழியம் செய்த அவர், ஆண்டுதோறும் நடந்த மாநாடுகளில் உழைப்பாளரின் பங்குக்காக வழக்காடினார். மாநாட்டினர் அவரை மதித்தனர். பெரும்பாலான பண்டகசாலைகள் அப்பங்கைக் கொடுக்கவில்லை. 1892-இல் அவர் காலமானார்.