பிறப்பா, வரலாறா?
கற்பனை உலகிற் புதிய இனங்கள் குடியேறிய கதை

கற்பனை உலகொன்றிலே புதியதோர் இனத்தைக் குடியேற்ற விரும்புபவன், அறிந்தோ அறியாமலோ, வரலாற்றாசிரியனின் தொழிலையே மேற்கொள்கிறான். அவ்வினத்தார் எங்கிருந்து வந்தனர், யாருடைய நிலத்தில் வாழ்கின்றனர், எத்தொழிலாற் பிழைக்கின்றனர், அயலார் அவர்களை ஏன் வெறுக்கின்றனர் என்னும் வினாக்களுக்கு அவன் விடை கூறியாதல் வேண்டும். அவ்விடைகளிலே அவன் வாழும் சமுதாயத்தின் முகமும் தெரிந்துவிடும்.

இதனை நாம் நூல்களிற் கண்டு உணர்ந்தோமல்லேம், மாணவரிடமிருந்தே அறிந்தோம். எம்மிடம் தமிழ் பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஓய்வு நாட்களிற் கூடிப் பாத்திரமேற்கும் விளையாட்டொன்றை ஆடுவர். ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டி அக்கதைக்குள்ளே வாழும் விளையாட்டு அது. தம் உலகிற்குப் புதியதோர் இனத்தைத் தாமே படைத்து, அதன் வரலாற்றை எழுதிய கொப்பியை ஒரு நாள் எம்மிடம் தந்து, பிழை திருத்தித் தரும்படி கேட்டனர். எழுத்துப் பிழைகள் இரண்டே இருந்தன. அவ்வினத்தார் சதுப்பு நிலத்தவர், கரிய மேனியர், தேவரின் சாபம் பெற்றோர், பிறவியிலேயே வஞ்சகர். “ஏன் தம்பி, இவர்கள் எல்லோரும் வஞ்சகராயிருப்பதற்குக் காரணம் என்ன?” என்று வினவினோம். “அந்த இனமே அப்படித்தான், சேர்” என்பதே விடையாயிருந்தது. இனத்தின் பெயரால் இத்துணைக் குருதி சிந்திய நாட்டிலே பிறந்த பிள்ளைகள் இவ்வளவு எளிதாக இதனைக் கூறியமை எம்மைச் சிந்திக்க வைத்தது. அப்பிள்ளைகளின் குற்றமன்று இது. அவர்கள் கையாண்ட வாய்பாடு அவர்களுக்கு முன்பே வார்க்கப்பட்டிருந்தது. அதன் வரலாற்றையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இவ்வகை விளையாட்டுக்களுள் முதன்முதல் அச்சேறி விற்பனைக்கு வந்தது ‘டன்ஜன்ஸ் அன்ட் டிறகன்ஸ்’ என்பதாகும். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில், காரி கைகாக்ஸ், டேவ் ஆர்ணசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். முதற் பதிப்பு 1,000 பிரதிகளே. ஆடுவோர் மனிதராகவோ, குள்ளராகவோ, எல்வ்களாகவோ, ஹொபிட்களாகவோ பிறக்கலாம் என்று விதி வகுக்கப்பட்டது. ‘ஹொபிட்’ என்னும் பெயர் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். ரொல்கீனின் படைப்பு ஆதலின், உரிமையாளர் எதிர்க்கவே, பின்னர் அது ‘ஹாவ்லிங்’ என மாற்றப்பட்டது. இவ்வுலகின் இனங்கள் பெரிதும் இரவற் பொருள்களாகவே வந்தன என்பதற்கு இதுவே போதிய சான்று.

இரவலாக வந்தவற்றுள் நம் ஆய்வுக்கு முதன்மையானது ‘ஓர்க்’ என்னும் இனம். இருளின் தலைவனுக்குப் படையாக நிற்கும் கொடிய கூட்டமாக ரொல்கீன் இவர்களைப் படைத்தார். ரொல்கீன் இனவெறியர் என்று எளிதிற் கூறிவிட முடியாது. 1938இல் ஜெர்மானியப் பதிப்பகம் ஒன்று அவரது நூலை மொழிபெயர்க்குமுன் அவர் ஆரிய வம்சத்தவரா என வினவியபோது, சினந்து மறுமொழி வரைந்தவர் அவர். ஆயினும் 1958இல் எழுதிய கடிதமொன்றில், ஓர்க்குகளின் தோற்றத்தை விளக்குவதற்கு மொங்கோலிய முகச்சாயலையே இழிந்த உருவில் எடுத்துக்காட்டினார். தனி மனிதன் ஒரு கருத்தை வெறுத்தபோதும், அவன் காலத்தின் கண்ணாடி அவன் மூக்கின்மேல் இருந்துகொண்டேயிருக்கிறது. எனினும் அவருடைய மனச்சான்று இவ்விடயத்தில் ஓய்ந்திருக்கவில்லை. தீமைக்கு உயிர் படைக்கும் ஆற்றல் இல்லை என நம்பிய கத்தோலிக்கர் அவர். அவ்வாறாயின் முற்றிலும் தீயதோர் இனம் எவ்வாறு தோன்றிற்று? சிறைப்பட்டுச் சிதைக்கப்பட்ட எல்வ்களா, மனிதரா, அன்றி வெறும் விலங்குகளா என்று அவர் முதுமையிலும் மாற்றி மாற்றிக் குறிப்பெழுதினார். அக்குறிப்புகளை அவர் மைந்தர் 1993இல் வெளியிட்டார். ஒரு முடிவுக்கு வர அவரால் இயலவில்லை.

படைத்தவரே அவிழ்க்க முடியாத முடிச்சை விளையாட்டுக்காரர் எண்களால் வெட்டி எறிந்தனர். 1978இல் வெளிவந்த ஆடுவோர் கைந்நூலில், ஓர் இனத்தாற் பிறர் விரும்பப்படுவரா, சகிக்கப்படுவரா, வெறுக்கப்படுவரா என்பதை ஆறு படிகளாக வகுத்துக் காட்டும் அட்டவணையே இருந்தது. மனிதர் எத்தொழிலிலும் எல்லையின்றி உயரலாம். ஏனையோர் பெரும்பாலான தொழில்களில் ஒரு படிக்குமேல் ஏற முடியாது. பிறப்பு தொழிலை வரையறுக்க, தொழில் உயர்வை வரையறுக்கும் இம்முறையைச் சாதியமைப்பினுள் வாழும் நமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதனோடு ஒத்த மற்றொரு வாய்பாடு சாபம் என்பது. ‘டிறவ்’ எனப்படும் கரிய எல்வ்கள் 1977இல் ஒரு நூலிற் பெயரளவிற் குறிக்கப்பட்டு, 1978இற் கதைக்குள் வந்தனர். தீநெறிப்பட்டு ஏனைய எல்வ்களைப் பிரிந்து நிலத்தின் அடியிற் சென்று வாழ்வோர் இவர்கள். குற்றம் செய்த மூதாதை, கரிய தோல், குற்றம் செய்யாத சந்ததிக்கும் தொடரும் பழி ஆகிய மூன்றும் சேர்ந்த கதை புதிதன்று. விவிலியத்தில் நோவா தன் பேரன் கானானைச் சபித்த கதையுண்டு. தோலின் நிறத்தைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் ஆபிரிக்க மக்களை அடிமைகொண்டோர் அச்சாபத்தைக் கரிய தோலோடு பொருத்தி, அடிமை வாணிகத்துக்குத் தெய்வத்தின் ஒப்புதலைத் தேடிக்கொண்டனர்.

உண்மையில், பழைய கதைக்குள் புதிய மக்களைப் பொருத்தும் தொழிலை ஐரோப்பா பல நூற்றாண்டுகள் பயின்றிருந்தது. அமெரிக்கக் கண்டங்களின் மக்களைக் கண்டபோது, ஆதாமின் வழியில் இவர்கள் எங்கே வருகின்றனர் என்னும் வினா எழுந்தது. 1537இல் பாப்பரசர் மூன்றாம் பவுல், அவர்களும் மெய்யான மனிதரே என்று ஆணையோலை வெளியிட நேர்ந்தது. 1550, 1551ஆம் ஆண்டுகளில் ஸ்பெயினின் வல்லாதோலிட் நகரில், அம்மக்களைப் போரால் அடக்குதல் தகுமா என்று லாஸ் கசாஸ் அடிகளும் செபுல்வேடாவும் வாதிட்டனர். 1655இல் ஐசாக் லா பெயிரேர் என்னும் பிரெஞ்சுக்காரர் ஆதாமுக்கு முன்பே மனிதர் இருந்தனர் என்று நூலெழுதிச் சிறைப்பட்டார். 1758இல் லின்னேயசு மனிதரை நிறத்தால் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணத்தையும் எழுதிவைத்தார். இவற்றுள் எதுவும் வெறும் ஏட்டுச் சண்டையன்று. சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் யார் உழைப்பது, யார் உழைப்பிப்பது என்பதே உள்ளுறையாக நின்ற வினா. பிறவிக் குணம் பற்றிய பேச்செல்லாம் அவ்வினாவுக்குப் போர்த்திய போர்வையே.

இனி, கற்பனை உலகிலே புதிய இனங்களைக் குடியேற்றிய இருவேறு முறைகளை ஒப்புநோக்குவோம்.

முதலாவது, ‘மறக்கப்பட்ட இராச்சியங்கள்’ என்னும் பொருளிற் பெயர்பெற்ற உலகம். கனடாவைச் சேர்ந்த எட் கிறீன்வூட் சிறுவயதிலேயே படைக்கத் தொடங்கிய அது 1987இல் விளையாட்டு நூலாயிற்று. 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது, ‘டிறகன்போர்ண்’ எனப்படும் பறவைநாக உருவினர் முதன்மை இனங்களுள் ஒன்றாக்கப்பட்டனர். விதிநூலில் இடம்பெற்ற இனத்துக்கு உலகப்படத்திலும் இடம் வேண்டுமன்றோ? ஆகவே மந்திரப் பேரழிவொன்றை நிகழ்த்திக் கதையை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னே தள்ளினர். இரட்டை உலகொன்றிலிருந்து ஒரு நிலப்பகுதி பெயர்ந்துவந்து அன்தர் என்னும் நாட்டின்மேல் அமர்ந்தது. புதியோரின் நாடு உருவாயிற்று. அன்தரோ பழைய மெசப்பொத்தேமியாவை மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்ட நாடு. புதியவருக்கு இடம் தேவைப்பட்டபோது, வரைபடத்திலிருந்து துடைக்கப்பட்டது கீழைத்தேய நாகரிகத்தின் நிழலே என்பது கருதத்தக்கது.

இத்தனைக்கும் அப்புதிய இனத்தின் முன்கதை சிறப்பானது. பறவைநாகங்களுக்கு அடிமைகளாயிருந்து, கிளர்ந்தெழுந்து, தம் விடுதலையைத் தாமே வென்றோர் அவர்கள். ஆனால் விடுதலை பெற்ற அடிமைகளை மற்றோர் மக்களின் வெற்றிடத்திலே கொண்டுவந்து வைத்தமையால், அவ்வரலாறு தன் நீதியை இழந்தது. 2014இல் தொடங்கிய ஐந்தாம் பதிப்பின் நூல்களில் அன்தர் மீண்டது. நிலத்துக்காக இரு சாராரிடையே போர் மூண்டது. அழிக்கப்பட்டோர் என்றேனும் திரும்பி வருவர் என்பதைக் கற்பனையும் மறுக்க முடியவில்லை.

இரண்டாவது, ‘எபரோன்’ என்னும் உலகம். இவ்விளையாட்டை உரிமைகொண்ட கொம்பனி 2002இல் நடத்திய போட்டிக்கு வந்த 11,000 இற்கு மேற்பட்ட திட்டங்களுள் கீத் பேக்கர் என்பவரின் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டு 2004இல் நூலாயிற்று. இவ்வுலகின் புதிய இனத்தார் போருக்கென வார்க்கப்பட்டோர். நூறாண்டு நீடித்த போருக்காக, செல்வக் குடும்பமொன்றின் ஆலைகளில், மரத்தாலும் உலோகத்தாலும் ஆக்கப்பட்ட போர்வீரர் அவர். ஆக்கியோர் எதிர்பாராத வண்ணம் அவர்களுக்கு உணர்வும் உள்ளமும் வாய்த்துவிட்டன. போரை முடித்த உடன்படிக்கை அவர்களை உடைமையல்லர், ஆட்களே என ஏற்று, அவ்வாலைகளையும் தடைசெய்தது. சட்டம் விடுதலை தந்தபின்னும் அவர்களைப் பொருளாகவே நோக்குவோர் உளர். போர் ஓய்ந்தபின் போருக்கென்றே பிறந்தவன் எதைச் செய்து வாழ்வான்? இவ்வினத்தை ஏற்று ஆடும் இளைஞன் இவ்வினாவைத் தவிர்க்க முடியாது.

அவ்வுலகில் கொப்ளின்கள் வெறும் குகைவாழ் திருடரல்லர். மனிதர் கடல்கடந்து வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அக்கண்டத்திற் பேரரசு நடத்தியோர் அவர்கள். இன்று மனிதரின் மாநகரங்கள் அவர்களின் இடிபாடுகள்மேல் எழுந்து நிற்க, அவர்களின் சந்ததியார் அந்நகரங்களின் ஏழைச் சேரிகளில் வாழ்கின்றனர். ஓர்க்குகளோ உலகைக் காத்த பழைய அறிவு மரபொன்றின் வாரிசுகள். பேக்கர் புதிய இனத்துக்கு உற்பத்தியிலே ஒரு பிறப்பிடம் தந்தார். பழைய இனங்களுக்கு அவை இழந்த வரலாற்றை மீட்டுத் தந்தார். வெறுப்பு இருக்கிறது, ஆனால் அதற்குக் காரணமும் காலமும் உண்டு. காரணமுள்ள வெறுப்பை மாற்றலாம். பிறவிக் குணமென்று சொல்லப்பட்டதை மாற்ற வழியில்லை.

இவ்வேறுபாட்டை விளையாட்டின் உடைமையாளர் மெல்லவே கற்றனர். 2020 மே மாதத்தில் ஜோர்ஜ் புளொயிட் என்னும் கறுப்பினத் தொழிலாளி பொலிசாராற் கொல்லப்பட்டபோது எழுந்த மக்கள் எழுச்சியின் பின், ஓர்க்கையும் டிறவையும் பிறவித் தீயோராகக் காட்டியமை தவறென யூன் மாதத்தில் அக்கொம்பனி ஒப்புக்கொண்டது. ஆயினும் 2022இல் வெளியான நூலொன்றில், குரங்கையொத்த ‘ஹடோசீ’ என்னும் இனத்தாரைச் சூனியக்காரனொருவன் பிடித்து, மருந்தூட்டி அறிவு தந்து, படைவீரராக விற்க முயன்றான் என்று கதை புனைந்தனர். கறுப்பின மக்களை இழிவுசெய்த பழைய மேடைக்கூத்தை நினைவூட்டும் படமும் அதிலிருந்தது. வாசகர் கொதித்தெழவே, செப்ரெம்பரில் மன்னிப்புக் கோரி அப்பகுதிகளை நீக்கினர். அடிமைத்தனத்தைக் கதையில் எழுதியமை அன்று குற்றம். அடிமையின் அறிவையும் விடுதலையையும் பிறர் தந்த கொடையாக எழுதியமையே குற்றம். போருக்கென வார்க்கப்பட்டோரும் பிறராற் செய்யப்பட்டோரே. ஆயின் அவர்களின் உள்ளம் எவரும் அருளியதன்று.

2022 டிசெம்பரில், இனத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு, உயிரின வகையைக் குறிக்கும் சொல்லைக் கையாளப்போவதாக அறிவித்தனர். தமிழில் இம்மாற்றம் புலப்படவே மாட்டாது. மனித இனம், பறவையினம், சிறுபான்மையினம் என எல்லாவற்றையும் ஒரே சொல்லாற் சுட்டும் மொழி நம்முடையது. ஆகவே சொல்லை மாற்றி ஆறுதல் கொள்ளும் வாய்ப்பும் நமக்கில்லை. கருத்தையே மாற்றியாதல் வேண்டும். அவ்வகையில் 2024இன் கைந்நூல் செய்த வேறொரு மாற்றமே பெரிதென்போம். வலிமை, அறிவு முதலியவற்றுக்குக் கூட்டும் எண்களைப் பிறப்பிலிருந்து பிரித்து, உழவர், கைவினைஞர், மாலுமி, எழுத்தர் முதலிய 16 வாழ்க்கைப் பின்னணிகளோடு அது இணைத்தது. உழைப்பும் சூழலுமே மனிதனை ஆக்குகின்றன என்னும் உண்மை, விற்பனைச் சரக்கொன்றின் விதிநூலிலும் வந்து நுழைந்திருக்கின்றது.

நம்மவர்க்கு இதில் நேரடித் தொடர்பும் ஒன்றுண்டு. 1975இல் இவ்விளையாட்டின் பட்டியலில் ‘இராட்சதர்’ சேர்க்கப்பட்டனர். 1974இல் ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகமொன்றைப் பார்த்தே கைகாக்ஸ் அவர்களை எடுத்துக்கொண்டார். 1977இன் படத்தில் அவர்கள் புலித்தலையுடன் தோன்றினர். இலங்கை வேந்தன் இராவணனின் குலம் இங்ஙனம் அமெரிக்கப் பகடைக்கு வேட்டைப் பொருளாயிற்று. ஆயினும் நாம் முதலில் நம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும். இராமாயணம் பாடியோர் அரக்கர் என்றனர். மகாவம்சம் எழுதியோர், விசயன் வருமுன் இத்தீவில் இருந்தோரை இயக்கர் என்றனர். மக்களைக் கதையிலே மனிதரல்லாராக்கும் கலை கடல்கடந்து வந்த சரக்கன்று.

மாணவரின் கொப்பியை நாம் திருத்தாமலே திருப்பிக் கொடுத்தோம். ஓரத்தில் மூன்று வினாக்களை மட்டும் எழுதினோம்: இவர்கள் சதுப்பு நிலத்துக்கு வருமுன் எங்கு வாழ்ந்தனர்? அந்நிலம் இன்று யாரிடம் உள்ளது? இவர்களை வஞ்சகர் என்று முதலில் எழுதியவர் யார்? இரண்டு கிழமைகளின் பின் கொப்பி திரும்பி வந்தது. நெல் விளைந்த மேட்டுநிலத்திலிருந்து துரத்தப்பட்டோர் அவர்கள் என்றும், சாபக்கதையை எழுதியவன் அந்நிலத்தைக் கவர்ந்தவனின் அரண்மனைப் புலவன் என்றும் அதில் எழுதியிருந்தது. எழுத்துப் பிழைகள் முன்னையினும் மிகுதியாயிருந்தன. அவற்றை மகிழ்ச்சியோடு திருத்தினோம்.