தடிக்குப் பூட்டு வந்த கதை

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் குந்தாரப்பள்ளி சந்தைக்கு வந்து பாருங்கள். ஆடு ஓட்டி வருபவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு தடி இருக்கும். திருகு கிடையாது, கிளிப் கிடையாது, நீட்டி மடக்கவும் முடியாது. அந்தத் தடி உள்ளே போய் யாரும் விழுந்து நான் பார்த்ததில்லை. விழுந்தவர் என் அப்பா. அதுவும் நான் வாங்கிக் கொடுத்த கம்பால்.

அப்பா வருடாவருடம் வெள்ளியங்கிரி ஏறுகிறவர். முழங்கால் வலி வந்ததும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெக்கிங் கம்பு ஒரு ஜோடியை மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கினேன். ஒத்திகைக்குக் கிருஷ்ணகிரி கோட்டை மலைக்குப் போனோம். 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற ஆங்கிலேயத் தளபதியின் படை பிடிக்க முடியாமல் திரும்பிய மலை அது. ஏறும்போது பிரச்சினை இல்லை. இறங்கும்போது அப்பா முழு எடையையும் இடது கம்பில் வைத்தார். கம்பு சரக்கென்று தனக்குள்ளேயே இறங்கிவிட்டது. மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் கட்டு. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் கம்பின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

1786 ஆகஸ்ட் 8-ம் தேதி பல்மா, பக்கார் என்ற இருவர் முதல்முதலாக மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறினார்கள். கயிறு இல்லை, ஐஸ் கோடரி இல்லை. கையில் இருந்தது நீண்ட மரத்தடிதான். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் அதை ஆல்பன்ஸ்டாக் என்பார்கள். நுனியில் இரும்பு முள் இருக்கும். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடிக்கு அது தூரத்துச் சொந்தம். இரண்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏறும்போது தடியைத் தாழ்த்திப் பிடிப்போம், இறங்கும்போது உயர்த்திப் பிடிப்போம். அதாவது நீளத்தை மாற்றுவது புதுசே இல்லை. அன்றைக்குக் கைதான் பூட்டு!

சரி, பூட்டு எப்போது வந்தது? பனிச்சறுக்குக் கம்பு மூங்கிலிலிருந்து உலோகத்துக்கு மாறியது. அமெரிக்காவில் எட் ஸ்காட் 1958-ல் இலேசான அலுமினியக் கம்பைக் கொண்டுவந்தார். ஜெர்மனியின் லெக்கி நிறுவனம் 1974-ல் நீளத்தை மாற்றக்கூடிய மலையேற்றக் கம்பை விற்பனைக்கு விட்டது. உலகின் ஐந்தாவது உயரமான சிகரமான மகாலுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கம்பு பைக்குள் அடங்கியது. ஆனால் கை செய்த வேலை, குழாய்க்குள் இருக்கும் ஒரு சின்னத் துண்டின் தலையில் விழுந்தது.

ஓசூரில் லேத் ஓட்டும் சித்தப்பா அப்பாவின் கம்பைக் கழற்றிக் காட்டினார். உள்குழாயின் முனையில் ஒரு திருகு, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை. கம்பை முறுக்கினால் உறை விரிந்து வெளிக்குழாயின் உட்சுவரை அழுத்தும். "இது காலெட்டுக்கு உல்டாடா. அது வெளியிலேர்ந்து பிடிக்கும், இது உள்ளேர்ந்து பிடிக்குது. மண்ணு போனா, பிளாஸ்டிக் தேஞ்சா பிடி விட்டுரும்" என்றார். எங்கள் கம்பில் உறை தேய்ந்து வழவழவென்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

அடுத்து வந்தது லீவர் பூட்டு. அமெரிக்காவின் பிளாக் டைமண்ட் நிறுவனம் ஃப்ளிக்லாக் என்ற பெயரில் அதைப் பிரபலமாக்கியது. குழாயின் வெளிப்பக்கத்தில் ஒரு பட்டி. லீவரை மடக்கினால் இறுகும். தளர்ந்தால் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை முடுக்கிக்கொள்ளலாம். கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் இதன் பெரிய பலம்.

"அப்போ கம்பே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். 1999-ல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வில், 25 டிகிரி சரிவில் கம்போடு இறங்கியவர்களின் முழங்காலில் விழும் பாரம் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. கம்பு நல்லதுதான். வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்:

1. கடையிலேயே நீட்டிப் பூட்டி, நேராக ஊன்றி, உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். கொஞ்சம் இறங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. குழாயில் போட்டிருக்கும் 'ஸ்டாப்' கோட்டைத் தாண்டி இழுக்காதீர்கள்.

3. சமதரையில் முழங்கை செங்கோணமாக மடங்கும் அளவு வையுங்கள். இறங்கும்போது 5 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள்.

4. மலையிலிருந்து வந்ததும் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். எண்ணெய் மட்டும் போடாதீர்கள். பூட்டு நிற்பதே உராய்வினால்தான்.

அப்பாவுக்கு இப்போது லீவர் பூட்டுக் கம்பு வாங்கியிருக்கிறேன். தினமும் வாசலில் ஊன்றி அழுத்திப் பார்க்கிறார். ஆனால் இந்த வருடம் வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடியோடுதான் போனார். "உன் கம்பு நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் பழகிக்கிறேன்" என்றார். விழுந்தவருக்கு நம்பிக்கை வர, பூட்டு இறுகுவதைவிட அதிக நேரம் ஆகும்போல.