விசாரணை இல்லாத தண்டனையும் விசாரணையே தண்டனையும்

திருவனந்தபுரத்தில் 1910 செப்டம்பர் 26ஆம் நாள் ‘சுதேசாபிமானி’ இதழின் அச்சகத்துக்குப் பூட்டு விழுந்தது. ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை கைது செய்யப்பட்டு, காவலுடன் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. நெய்யாற்றின்கரையில் பிறந்த அவர் அதன்பின் சொந்த நாட்டில் வாழவில்லை. சென்னை, பாலக்காடு என்று அலைந்து, 1916 மார்ச் 28இல் கண்ணூரில் காசநோயால் இறந்தார். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் அஞ்சுதெங்கில் தொடங்கி, 1907இல் தலைநகருக்கு இடம் மாறிய அந்த இதழ் அத்துடன் நின்றுபோனது.

திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் நடத்தையையும் ராமகிருஷ்ண பிள்ளை மிகக் கடுமையாக எழுதினார் என்பது எல்லோரும் அறிந்தது. அந்த எழுத்தில் எவ்வளவு உண்மை, எங்கே வரம்பு மீறல் என்பதை எந்த நீதிமன்றமும் ஆராயவில்லை. திருவிதாங்கூரில் அன்று குற்றவியல் சட்டம் இருந்தது, நீதிபதிகள் இருந்தார்கள், வக்கீல்களும் இருந்தார்கள். 1875இலேயே திருவனந்தபுரத்தில் சட்டக் கல்லூரி தொடங்கிவிட்டது. அத்தனையும் இருந்தும் மகாராஜாவின் ஓர் ஆணையில் காரியம் முடிந்தது. தமது எழுத்து மெய்யென்று நிறுவும் வாய்ப்பை ஆசிரியர் இழந்தார். தம்மீது சொன்னவை பொய்யென்று நிறுவும் வாய்ப்பைத் திவானும் இழந்தார். விசாரணை நடவாத இடத்தில் இருதரப்பின் மானமும் என்றைக்கும் தீராத வழக்காகவே நின்றுவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் நடந்த இந்நிகழ்ச்சியை ஊடகச் சட்டம் பயில விரும்பும் ஒவ்வொரு மாணவரும் முதல் பாடமாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அவதூறுச் சட்டம் என்றதும் தண்டனை எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு என்றே பேசிப் பழகியிருக்கிறோம். அந்தச் சட்டத்தின் உயிர் இருப்பதோ விசாரணையில்: வழக்கை யார் தொடுக்கலாம், எங்கே தொடுக்கலாம், யார் முதலில் கேட்கப்படுவார், எத்தனை நாளில் முடியும் என்பவற்றில். இத்துறையை வாழ்நாள் படிப்பாக ஏற்பவர் தேட வேண்டியதும் அங்கேதான்.

பத்து விதிவிலக்குகள்

இந்தியாவில் அவதூறு இரண்டு தடங்களில் ஓடுகிறது. ஒன்று உரிமையியல், மற்றது குற்றவியல். உரிமையியல் தடத்துக்கென்று தனிச் சட்டநூல் கிடையாது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த கோட்பாடுகளைத் தீர்ப்புக்குமேல் தீர்ப்பாக நம் நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்தவையே அங்கே சட்டம். இங்கே சொன்னது உண்மை என்று மெய்ப்பித்தால் போதும், வழக்கு வீழ்ந்துவிடும். காலவரம்பு ஓராண்டு.

குற்றவியல் தடம் மெக்காலேயின் கைவண்ணம். 1837இல் வரைவாகி, 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு அது. அவதூறைப் பொது அமைதிக்குக் குந்தகம் என்று பார்த்தது பழைய ஆங்கிலச் சட்டம். மெக்காலே அதிலிருந்து விலகி, ஒரு மனிதரின் நற்பெயருக்கு நேரும் காயத்தையே குற்றத்தின் மையமாக வைத்தார். பேச்சு, எழுத்து என்ற வேறுபாட்டையும் நீக்கினார். கூடவே பத்து விதிவிலக்குகளை எழுதிச் சேர்த்தார். பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை, அரசு ஊழியரின் பொது நடத்தைபற்றி நல்லெண்ணத்துடன் கூறிய கருத்து, நீதிமன்ற நடவடிக்கைகளை உள்ளபடி தெரிவித்தல், மக்கள் முன் வைக்கப்பட்ட நூலையோ நடிப்பையோ விமரிசித்தல், பிறர் நலம் கருதிய எச்சரிக்கை முதலியவை அவற்றுள் அடங்கும். முதல் விதிவிலக்கில் ஒரு நுட்பம் உண்டு. உண்மை மட்டும் இங்கே போதாது. அது பொது நன்மைக்காகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஆக, உரிமையியல் வழக்கில் தப்பிக்கும் ஒருவர் குற்றவியல் வழக்கில் சிக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக இதே சட்டம் தொடர்கிறது. இரண்டாண்டு வரையான வெறுங்காவல், அபராதம் என்பவற்றோடு சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. விதிவிலக்குகள் பத்தும் அப்படியே இருக்கின்றன.

ஏட்டளவில் படித்தால் பத்திரிகையாளருக்கு ஓரளவு இடம் கொடுக்கும் சட்டமாகவே இது தெரியும். ஆனால் அந்தப் பத்து விதிவிலக்குகளும் பெரும்பாலும் சாட்சி விசாரணையில் நிறுவப்பட வேண்டியவை. அந்தக் கட்டத்துக்கு வருவதற்குள் ஆண்டுகள் பல போய்விடும். சம்மன் வரும், ஜாமீன் எடுக்க வேண்டும், வாய்தாவுக்கு வாய்தா வெளியூர் நீதிமன்றப் படியேற வேண்டும். இதழ் பரவிய ஊரில் எல்லாம் வழக்குத் தொடுக்கலாம் என்பதால் ஒரே கட்டுரைக்குப் பல ஊர்களில் நிற்க நேரலாம். 1910இல் விசாரணை இல்லாமலே தண்டனை வந்தது. இன்றோ விசாரணையே தண்டனையாகிவிடுகிறது.

தமிழ்நாட்டு வழக்குகள் சொல்வது

இதைத் தமிழ்நாட்டு வழக்குகளைப் போலத் தெளிவாகக் காட்டுபவை வேறில்லை. மரண தண்டனை பெற்றுச் சேலம் சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ முன்வந்தபோது, அதில் தங்கள் பெயர்கள் வரும் என்று அதிகாரிகள் சிலர் அஞ்சினர். வெளியிடக் கூடாது என்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7ஆம் நாள் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, ஊடகச் சட்டத்தின் அடிக்கற்களில் ஒன்றாக இன்றும் நிற்கிறது. அச்சாகும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிக்கோ இல்லை. வெளியான பின் வழக்குத் தொடுக்கலாம். அரசு, உள்ளாட்சி மன்றம் போன்ற அமைப்புகள் தமக்கு அவதூறு நேர்ந்ததாக இழப்பீடு கேட்க முடியாது. கடமை தொடர்பான நடத்தையை விமரிசித்ததற்கு அதிகாரி இழப்பீடு கேட்டால், உண்மையைப்பற்றிக் கவலையே இல்லாமல் எழுதினார்கள் என்பதை அவரே நிறுவ வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ வழக்கில் வகுத்த நெறியின் சாயல் இதில் உண்டு.

அதே தீர்ப்பு குற்றவியல் அவதூறு குறித்து எதுவும் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டது. அந்த இடைவெளி பெரிது. உரிமையியல் கதவை அரசுக்குச் சாத்திய பின்னும் குற்றவியல் கதவு திறந்தே இருந்தது. அரசு ஊழியருக்காக அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யும் வழி அது. 2011ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அந்த வழி அடிக்கடி பயன்பட்டது. சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் 2016 மே 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் குற்றவியல் அவதூறு அரசமைப்புக்கு உட்பட்டதே என்று தீர்த்தது. நற்பெயரும் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று காரணம் காட்டியது. சம்மன் அனுப்பும்போது மாஜிஸ்திரேட்டுகள் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2020 மே 21ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், என். ராம், ‘நக்கீரன்’ கோபால் உள்ளிட்ட ஆசிரியர்கள்மீது அரசு தொடுத்திருந்த புகார்களை ரத்து செய்தார். அரசு வழக்கறிஞர் தபால்காரர்போல நடக்காமல் தாமே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். முடிவு நல்ல முடிவுதான். அதற்காக அந்த ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நடிகை குஷ்பு வழக்கும் அவ்வாறே. 2005இல் ஒரு பத்திரிகைக்கு அவர் சொன்ன கருத்துக்காக 23 குற்றப் புகார்கள் குவிந்தன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அனைத்தையும் ரத்து செய்தது. தமிழ்ப் பெண்கள் என்ற எல்லையற்ற கூட்டத்துக்கு அவதூறு நேர்ந்ததாக யாரும் வந்து புகார் கொடுக்க முடியாது என்பது சட்டத்தில் முதல்நாளே இருந்த விளக்கம். அதைச் சொல்லி முடிக்க ஐந்தாண்டு ஆயிற்று.

வாசலில் யார் நிற்பது?

நடைமுறை எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கேரளமே ஒரு பாடம் தந்தது. இணையத்தில் எழுதுவோரைக் கைது செய்ய உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் நீக்கியபோது, கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவையும் சேர்த்தே நீக்கியது. 2020 நவம்பரில் 118ஏ என்ற புதிய பிரிவு அவசரச் சட்டமாக வந்தது. அவமதிக்கும் நோக்குடன் எந்த ஊடகத்தில் எதை வெளியிட்டாலும் மூன்றாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பெண்களை இணையத்தில் இழிவுபடுத்துவதைத் தடுப்பதே நோக்கம் என்று அரசு சொன்னது. எதிர்ப்பு எழுந்து, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

அன்று எல்லோரும் தண்டனையின் அளவைப்பற்றியே பேசினார்கள். அதைவிடக் கவலை தர வேண்டியது வேறொன்று. பொதுவான அவதூறுச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் தாமே மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். காவல்துறைக்கு அங்கே வேலை இல்லை. 118ஏ நிலைத்திருந்தால் காவல் நிலையமே அவதூறு வழக்கின் வாசலாகியிருக்கும். யார் வாசலில் நிற்கிறார் என்பது மாறினால், பிரிவின் சொற்கள் ஒன்றேயானாலும் சட்டம் வேறாகிவிடும்.

இன்னொரு மாற்றம் அதிகம் பேசப்படவில்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்படி, தனிப்பட்ட புகாரை மாஜிஸ்திரேட் ஏற்கும் முன்பே எதிர்தரப்பின் சொல்லையும் கேட்க வேண்டும். வாசலிலேயே ஒரு விசாரணை! இது பயனற்ற புகார்களை முளையிலேயே கிள்ளுமா, அல்லது இன்னும் ஒரு சுற்று வாய்தாவாக மாறுமா என்பதை நீதிமன்றங்களில் உட்கார்ந்து கவனித்தால்தான் சொல்ல முடியும்.

அறிஞரின் பணியிடம்

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 1990 முதல் 2010 வரை ஊடகச் சட்டப் பேராசிரியராக இருந்த எரிக் பேரண்ட் இப்படி நேரில் சென்று ஆராய்வதற்கு நல்ல முன்மாதிரி. பேச்சுச் சுதந்திரம்பற்றி அவர் 1985இல் எழுதிய நூல் உலகெங்கும் பயிலப்படுகிறது. என் மனத்தில் நிற்பது, சகாக்களுடன் சேர்ந்து 1997இல் அவர் வெளியிட்ட ஆய்வு. அவதூறுச் சட்டம் பத்திரிகைகளை என்ன செய்கிறது என்று அறிய, அவர்கள் தீர்ப்புத் திரட்டுகளோடு நிற்கவில்லை. செய்தி அறைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் போய், ஆசிரியர்களையும் அவர்களின் வழக்கறிஞர்களையும் கேட்டார்கள். வழக்குக்கு அஞ்சி வெட்டிய வரிகளும், வெட்டுவதற்குக்கூட எழுதப்படாமல் போன கட்டுரைகளும் அங்கே தெரிய வந்தன. எந்தத் தீர்ப்பிலும் பதிவாகாத இழப்பு அது. பிரிட்டன் 2009இல் குற்றவியல் அவதூறையே நீக்கியது. இலங்கை அதற்கு முன்பே, 2002இல் நீக்கிவிட்டது.

இங்கே நூல்களுக்குக் குறைவில்லை. துர்கா தாஸ் பாசு, ராஜீவ் தவான் போன்றோர் பத்திரிகைச் சட்டத்தை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் வகுப்பறையில் இப்பாடம் சிதறிக் கிடக்கிறது. தீங்கியலில் ஒரு துண்டு, தண்டனைச் சட்டத்தில் ஒரு துண்டு, அரசமைப்பில் 19(2) உறுப்பின்கீழ் ஒரு சொல். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர் கிடைத்த மாணவர் பாக்கியசாலி. திருவனந்தபுரத்தில் 1935இல் பிறந்து 2019இல் அங்கேயே மறைந்த என்.ஆர். மாதவ மேனன், பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியை உருவாக்கியபோது, சட்டக் கல்வி நீதிமன்றத்தையும் மக்களையும் நேரில் தொட வேண்டும் என்று வலியுறுத்தினார். அவதூறுச் சட்டத்துக்கு அந்த அறிவுரை மிகவும் பொருந்தும்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் பகுதி இளைஞர் ஒருவர் இத்துறையை ஏற்பாரானால் அவருக்கு வாய்த்திருக்கும் வளம் வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காது. கோட்டைக்கு வெளியே வராகமூர்த்தி கோயிலையும் பெருங்குளத்தையும் சுற்றி வளர்ந்த இப்பகுதியில் தமிழ் வீட்டுமொழி, மலையாளம் தெருமொழி, ஆங்கிலம் படிப்புமொழி என்று பல குடும்பங்கள் வாழ்கின்றன. திருவிதாங்கூரின் பழைய கோப்புகள் இந்நகரின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வஞ்சியூர் நீதிமன்றங்கள் பேருந்தில் போய்வரும் தொலைவுதான். அங்கே அவதூறுப் புகார்கள் எந்த நாளில் பதிவாயின, எத்தனை வாய்தா கண்டன, எத்தனை சமரசமாயின, எத்தனை தீர்ப்பு வரை போயின என்று பொறுமையாகத் திரட்டினால், அத்துடன் மதுரையிலோ நாகர்கோவிலிலோ அதே பணியைச் செய்து ஒப்பிட்டால், இந்தியாவில் இதுவரை ஊகமாகவே பேசப்படும் ஒன்றுக்கு ஆதாரம் கிடைக்கும்.

அந்த ஆதாரம் பத்திரிகையாளருக்கு மட்டும் உதவாது. பொய்யான ஒரு வாட்ஸ்அப் செய்தியால் பெயர் கெட்ட ஒரு பள்ளி ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். அவர் மெய்யாகவே பாதிக்கப்பட்டவர். பத்தாண்டு கழித்து வரும் தீர்ப்பு அவருடைய பெயரை எப்படி மீட்கும்? வழக்கின் நீளம் பலமுள்ளவருக்குக் கருவி, பலமற்றவருக்குச் சுமை. விரைவான, நேர்மையான விசாரணை எழுதுபவரையும் காக்கும், எழுதப்பட்டவரையும் காக்கும். விசாரணையே இல்லாமல் ஓர் ஆசிரியரை நாடு கடத்திய நகரம் திருவனந்தபுரம். இருதரப்புக்கும் நியாயமான விசாரணை எது என்று நாட்டுக்குச் சொல்லும் அறிஞர்களை வளர்க்கும் கடமை இந்நகரத்துக்கு மற்ற ஊர்களைவிட ஒரு படி கூடுதலாகவே உண்டு. இதைப் படிக்கும் மாணவர்களில் ஒருவராவது அதை ஏற்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.