கடந்த காதலும் நெடிய இல்லறமும்: றூஸ்வெல்ற் குடும்ப வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அகத்திணைச் செய்யுளிலே தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தமிழ் மரபு. வரலாறோ பெயரும் ஆண்டுமின்றி இயங்கமாட்டாது. எனவே ஓர் இல்லறத்தின் அகவாழ்வு வரலாற்றுப் பொருளாகுமிடத்து, ஆராய்வோன் இருமடங்கு எச்சரிக்கையுடன் நடத்தல் வேண்டும். முடிந்துபோனதெனக் கருதப்பட்ட காதலொன்று, நெடுங்காலம் நிலைத்த இல்லறத்தை எவ்வாறு அலைக்கழிக்கும் என்பதை அறிவதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 32ஆவது ஜனாதிபதியான பிராங்ளின் றூஸ்வெல்ற், அவர்தம் துணைவியார் எலினோர் ஆகியோரின் வாழ்க்கை சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

தூரத்து உறவினரான இவ்விருவரும் 1905 மார்ச் 17 ஆம் நாள் நியூயோர்க்கில் மணம் புரிந்தனர். தந்தையை இழந்திருந்த எலினோரைத் தாரைவார்த்துக் கொடுத்தவர், அப்போது ஜனாதிபதியாக இருந்த அவரது பெரிய தந்தையார் தியோடோர் றூஸ்வெல்ற் ஆவார். அடுத்த 11 ஆண்டுகளில் ஆறு பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் ஒருவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார். மாமியார் சாராவின் ஆதிக்கம் அவ்வில்லத்தில் மிகுந்திருந்தது. 1908 இல் அவர் கட்டுவித்த இரட்டை வீடுகளில் ஒன்று தமக்கும் மற்றொன்று மகனுக்குமாக அமைந்தது. இரண்டினையும் இணைக்கும் கதவுகளும் வைக்கப்பட்டிருந்தன.

1913 இல் பிராங்ளின் கடற்படைத் துணைச் செயலாளராக நியமனம் பெறவே, குடும்பம் வாஷிங்ரனுக்குக் குடிபெயர்ந்தது. தலைநகரின் சமூகக் கடமைகளில் தமக்கு உதவும்பொருட்டு லூசி மேசர் என்னும் இளம்பெண்ணை எலினோர் செயலாளராக அமர்த்திக்கொண்டார். கோடைகாலங்களில் எலினோர் பிள்ளைகளுடன் கம்பொபெல்லோ தீவில் தங்க, பிராங்ளின் கடமை நிமித்தம் தலைநகரில் தங்கினார். அவருக்கும் லூசிக்கும் இடையே காதல் வளர்ந்தது. 1918 செப்ரெம்பரில், ஐரோப்பாவிலிருந்து நோயுற்றுத் திரும்பிய கணவரின் பயணப்பொதிகளை ஒழுங்குசெய்த வேளையிலே, லூசி எழுதிய கடிதங்கள் எலினோரின் கைக்கு அகப்பட்டன.

எலினோர் கணவருக்கு மணவிலக்கு அளிக்க முன்வந்தார். மணவிலக்கு நிகழுமாயின் பணவுதவியை நிறுத்திவிடுவதாகச் சாரா எச்சரித்தாரென்றும், அரசியல் வாழ்வு முடிந்துவிடுமென நண்பர் லூயிஸ் ஹவ் அறிவுறுத்தினாரென்றும் குடும்பத்தினர் வழியாக அறிகின்றோம். லூசி கத்தோலிக்கர் என்பதும் ஒரு தடையாயிருந்திருக்கலாம். ஈற்றில், லூசியை இனிச் சந்திப்பதில்லை என்ற வாக்குறுதியின்பேரில் இல்லறம் தொடர்ந்தது. 1920 இல் லூசி, வின்த்றொப் றதர்பேட் என்னும் வயது முதிர்ந்த செல்வரை மணந்தார். அத்துடன் அக்காதல் முடிவுற்றதென்றே எவரும் எண்ணியிருப்பர்.

இவ்விடத்து ஒன்று மனங்கொள்ளத்தக்கது. 1918 இன் உடன்பாடு நடத்தையைக் கட்டுப்படுத்தியதேயன்றி மனங்களை ஒன்றுபடுத்தவில்லை. சந்திப்பு விலக்கப்பட்டது; ஆயின் புண்பட்டதைக் குறித்து மனம்விட்டுப் பேசுவதற்கான வழி திறக்கப்படவில்லை. 1921 ஓகஸ்ற்றில் பிராங்ளின் இளம்பிள்ளைவாதத்தாற் பீடிக்கப்பட்டபோது எலினோர் இரவுபகலாகப் பணிவிடை செய்தார். அவரது அரசியல் வாழ்வு மங்கிவிடாதவாறு மேடையேறவும் கற்றுக்கொண்டார். எனினும் 1920களின் நடுப்பகுதியில், ஹைட் பார்க்கில் வல்-கில் என்னுமிடத்தே தோழியர் இருவருடன் சேர்ந்து தமக்கெனத் தனி வீடொன்றை அமைத்துக்கொண்டார். இல்லறம் சிதையவில்லை, அது பொதுப்பணிக் கூட்டாக உருமாறிற்று.

எலினோரின் பொதுவாழ்வு முழுவதையும் இத்துயரத்தின் விளைவாகக் காட்டுவோர் உளர். அது பொருந்தாது. திருமணத்திற்கு முன்னரே நியூயோர்க்கின் குடியேறிகள் வாழ்ந்த வறிய பகுதியிலே பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர். துயரம் அவரது பாதையை விரைவுபடுத்தியிருக்கலாம். பாதையைப் படைத்தது அதுவன்று. ஒரு பெண்ணின் சாதனைக்குக் கணவனின் தவறே காரணமெனக் கொள்வது, அச்சாதனையை மீண்டும் கணவனுக்கே உரிமையாக்குவதாகும்.

இனி, கடந்த காதல் மீண்ட வரலாற்றை நோக்குவோம். 1941 இலிருந்து வெள்ளை மாளிகையின் வருகைப் பதிவுகளில் ‘திருமதி ஜோன்சன்’ என்ற பெயர் காணப்படுகின்றது. அப்பெயருக்குரியவர் லூசியே. 1944 மார்ச்சில் லூசியின் கணவர் இறந்தார். அதே மாதத்தில் ஜனாதிபதியின் இதயம் பெரிதும் நலிவுற்றிருப்பதை வைத்தியர் கண்டறிந்தனர். உலகப்போரின் சுமையால் தளர்ந்திருந்த அவர், லூசியை விருந்துக்கு அழைக்கலாமா என மகள் அன்னாவிடம் வினவினார். தாயார் ஊரிலில்லாத வேளைகளில் அன்னா அவ்விருந்துகளை ஒழுங்குசெய்தார்.

1945 ஏப்ரில் 12 ஆம் நாள், ஜோர்ஜியா மாநிலத்தின் வோம் ஸ்பிறிங்ஸில் ஷூமற்றோவ் என்னும் ஓவியர் தமது உருவத்தை வரைந்துகொண்டிருக்கையில், பிராங்ளின் மூளை இரத்தப்பெருக்கினால் நினைவிழந்து அன்று பிற்பகலே மறைந்தார். அவ்வேளை அங்கிருந்த லூசி, எலினோர் வருமுன்னர் அகன்றார். நள்ளிரவை அண்மித்து அங்குச் சேர்ந்த எலினோர், லூசி உடனிருந்ததையும், அன்னா அறிந்தே சந்திப்புகளுக்கு உதவியதையும் உறவினரான லோறா டெலானோ வாயிலாக அறிந்தார். நாற்பதாண்டு இல்லறத்தின் இறுதி இரவிலே, கைம்மையும் வஞ்சிக்கப்பட்ட உணர்வும் அவரை ஒருங்கே வந்தடைந்தன.

1918 இன் காயத்தைவிட இது ஒருவகையிற் கொடியது. முன்னையதில் எலினோருக்குத் தேர்வு இருந்தது. கணவரிடம் கேட்கவும் இயன்றது. பின்னையதிலோ கேட்பதற்குக் கணவர் இல்லை; மகளும் இரகசியத்தின் பங்காளி. நோயுற்ற தந்தைக்குச் சிறிது மகிழ்ச்சி கிடைக்கட்டுமென எண்ணிய மகளை எளிதிற் பழிக்கவும் இயலாது. நெடிய இல்லறத்தைக் கடந்த காதல் உலுக்குமிடத்து, அக்காதலின் வலிமையினும், அதனைச் சுற்றி எழுப்பப்பட்ட மௌனத்தின் வலிமையே பெரிதென்பது இதனாற் புலனாகும். மௌனம் முதலில் இருவரைப் பிரித்தது. பின்னர் மூன்றாமவரையும் உள்ளிழுத்துக்கொண்டது.

ஆயினும் எலினோர் பகையை வளர்க்கவில்லை. கணவரின் உடைமைகளிடையே கிடைத்த ஷூமற்றோவின் சிறு ஓவியமொன்றை லூசிக்கு அனுப்புவித்தார். லூசி நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். அன்னாவுடனான உறவும் காலப்போக்கிற் சீரடைந்தது. லூசி 1948 ஜூலையில் இறந்தார். அதே ஆண்டு டிசெம்பர் 10 ஆம் நாள், எலினோர் தலைமைதாங்கிய ஆணைக்குழு உருவாக்கிய மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றது.

1949 இல் எலினோர் வெளியிட்ட நினைவுநூலில் லூசியின் பெயர் இல்லை. தம்மைக் குறைகாணாத மனைவியோடு கணவர் கூடிய மகிழ்ச்சியடைந்திருக்கலாம் என்ற கருத்து மாத்திரம் அதில் அமைதியாக இடம்பெறுகின்றது. இக்காதல் 1960களிலேயே அச்சில் பரவலாக வெளிவந்தது. 1971 இல் ஜோசப் லாஷ் எழுதிய வாழ்க்கை வரலாறு அதனை விரிவாக நிறுவிற்று. அப்போது அம்மூவரும் உயிருடன் இல்லை. மனிதரின் உரிமைகளை உலகறியச் சொற்களில் வடித்தவர், தம் சொந்தத் துயரினைச் சொல்லாமலே சென்றார். அவர் சொல்லாது விட்டதனைத் தீர்ப்புக் கூறுவதற்காகவன்றி, விளங்கிக்கொள்வதற்காக ஆராய்வதே வரலாற்று மாணவனின் கடனாகும்.